ஆனிக்கில் ரயில் ஏற முடியாது

செப்டம்பர் 4, வியாழன்: ஆலன்மவுத்

நியூகாசிலில் ஏறி உட்கார்ந்து, கொண்டுவந்த தயிர்சாத டப்பாவைத் திறக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. ஆலன்மவுத். அரை மணி நேரப் பயணம்தான். ஸ்டேஷன் நெருங்கும்போது வலது பக்க ஜன்னலில் கடலும், ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு வரிசை வெளிர்நிற வீடுகளும் தெரியும். அதைப் பார்க்கவே வலது பக்கம் இடம் பிடிக்க வேண்டும் என்று நியூகாசிலில் படிக்கும் அக்கா மகன் சொல்லியிருந்தான். நான் பார்த்தேன். அவன் போனைப் பார்த்தான்.

நாங்கள் போக வேண்டியது ஆனிக் என்ற ஊருக்கு. ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் எல்லும் டபிள்யூவும் வரும், சொல்லும்போது இரண்டும் காணாமல் போய்விடும். எட்டாயிரம் சொச்சம் பேர் வாழும் ஊர். அங்கே ஒரு பிரம்மாண்டமான ஸ்டேஷன் இருக்கிறது, அதற்கு ரயில் மட்டும் வருவதில்லை. 1968 ஜனவரியோடு நின்றுவிட்டது. அதனால் ஆனிக் போகிறவர்கள் இன்றைக்கும் ஆலன்மவுத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும்.

"சித்தி, இங்கிலாந்துக்கு வந்து மூடின ஸ்டேஷனைப் பார்க்கப் போறீங்களே, ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றான் பையன். ஊரிலுள்ள எல்லோரும் படிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

பஸ் வரவில்லை. பலகையில் போட்டிருந்த நேரம் போனது, அடுத்த நேரமும் போனது. நிழற்குடை என்று ஒன்று இருந்தது, ஆனால் மழை பக்கவாட்டில் வந்தால் அது என்ன செய்யும்? செப்டம்பர் முதல் வாரம்தான், ஆனாலும் அந்தக் கடல் காற்றுக்கு என் ஸ்வெட்டர் ஒரு பொருட்டே இல்லை. எங்களோடு நின்ற இரண்டு பேரும் முணுமுணுக்கக்கூட இல்லை. ஒருவர் மணிக்கட்டைப் பார்த்து ஒரு முறை பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான் இவர்களுடைய போராட்டம்.

கடைசியில், யாரையோ ரயிலேற்றிவிட வந்திருந்த ஒரு அம்மாள் சேறு அப்பிய காரை எங்கள் பக்கத்தில் நிறுத்தி, "ஆனிக் தானே? ஏறுங்கள்" என்றார். பின்சீட்டில் ஒரு பெரிய ஈரநாய் முழு இடத்தையும் பிடித்துப் படுத்திருந்தது. முதலில் நாயிடம் மன்னிப்புக் கேட்டு அதை நகர்த்தினார். பிறகு எங்களிடம் நாய்க்காக மன்னிப்புக் கேட்டார். வழி முழுக்க வானிலையைப் பற்றியே பேசினார். எந்த ஊர், என்ன வேலை, கல்யாணம் ஆகிவிட்டதா, ஒரு கேள்வி கிடையாது. பழைய ஸ்டேஷனைப் பார்க்க வந்தோம் என்று நானாகச் சொன்னதும்தான் குரலில் ஒரு மாற்றம் வந்தது. சின்ன வயதில் அவருடைய அம்மா கோடையில் அந்த ரயிலில் ஏறித்தான் கடலுக்குக் குளிக்க வருவாராம். "மூன்று மைல். ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் வந்துவிடுமாம்" என்றார்.

ராத்திரி மீனும் சிப்ஸும். ஒரு தட்டு 13 பவுண்டு, நம் காசுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். கூடவே பச்சைப் பட்டாணியை மசித்து ஒரு கிண்ணத்தில் வைக்கிறார்கள். உப்பு கிடையாது, காரம் கிடையாது. பையில் இருந்த ஊறுகாய் பாட்டிலை மேஜைக்கு அடியில் திறந்தோம்.

செப்டம்பர் 5, வெள்ளி: ஸ்டேஷன்

காலையில் மழை விட்டிருந்தது. ஸ்டேஷனைத் தேட வேண்டிய வேலையே இல்லை. எதிரே மேட்டில் ஓர் உயரமான தூண் நிற்கிறது, உச்சியில் வாலை நேராக நீட்டிக்கொண்டு ஒரு சிங்கம். ஊரின் எந்த மூலையிலிருந்தும் அது கண்ணில் படுகிறது.

அந்தத் தூணின் கதை நன்றாக இருக்கும். இந்த வட்டாரத்து நிலமெல்லாம் நார்த்தம்பர்லேண்ட் பிரபுவுக்குச் சொந்தம், பெர்சி குடும்பம். விளைபொருள் விலை விழுந்து குத்தகைக்காரர்கள் தவித்த காலத்தில் இரண்டாம் பிரபு குத்தகையில் கால்வாசியைக் குறைத்தாராம். நன்றிக்கடனாகக் குடியானவர்கள் காசு போட்டு 1816இல் 83 அடிக்குத் தூண் எழுப்பினார்கள். அடுத்து வந்த பிரபு அதைப் பார்த்துவிட்டு, "தூண் கட்டக் காசு இருக்கிறதென்றால் குத்தகை கட்டவும் இருக்குமே" என்று பழையபடி ஏற்றிவிட்டாராம். இந்தக் கடைசிப் பகுதிக்கு ஆதாரம் கேட்டால் யாரும் சிரிப்பார்கள், அப்படியும் தூணுக்கு விவசாயிகளின் கிறுக்குத்தனம் என்றொரு பட்டப்பெயர் நிலைத்துவிட்டது.

பிரபுவை ஏன் இழுத்தேன் என்றால், ஸ்டேஷன் இவ்வளவு பெரிதாக இருப்பதற்கும் அவர்தான் காரணம் என்கிறார்கள். ஊரின் இன்னொரு கோடியில் பெர்சிகளின் கோட்டை. மக்கள் குடியிருக்கும் கோட்டைகளில் இங்கிலாந்தில் விண்ட்சருக்கு அடுத்தபடி இதுதான் பெரியது. அங்கே விருந்துக்கு ராஜகுடும்பத்தார் வருவார்கள், அவர்கள் வந்து இறங்கும் இடம் தகரக் கொட்டகையாகவா இருக்க முடியும்?

ஆனால் தொடக்கத்தில் இந்த ஊர் ரயில் வரைபடத்திலேயே இல்லை. நியூகாசிலையும் பெரிக்கையும் இணைக்கும் பாதை 1847இல் வந்தபோது அது கடலோரமாகவே போய்விட்டது. சந்தையும் கோட்டையும் இருந்த ஊருக்கு மூன்று மைல் தள்ளி ஒரு வயல்வெளியில் ஸ்டேஷன். இன்றைய ஆலன்மவுத் ஸ்டேஷன்தான் அது, அப்போது பில்டன் என்று பெயர். ஊர்க்காரர்கள் விடுவார்களா? 1850இல் பில்டனிலிருந்து ஆனிக்குக் கிளைப்பாதை வந்தது. 1887இல், வடக்குப் பக்கம் கார்ன்ஹில் வரை இன்னொரு பாதை போட்டபோது, பழைய சிறிய ஸ்டேஷனை விட்டுவிட்டு இப்போதுள்ளதைக் கட்டினார்கள். வரைந்தவர் வில்லியம் பெல், நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே கம்பெனியின் கட்டடக் கலைஞர்.

உள்ளே போனதும் முதலில் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பெரிய கூரைகள், கண்ணாடி வழியாக வெளிச்சம், தாங்க இரும்புத் தூண்கள். பிளாட்பாரமும் தண்டவாளமும் இருந்த இடமெல்லாம் இப்போது புத்தக அலமாரிகள். ஆம், ஸ்டேஷன் இப்போது ஒரு பழைய புத்தகக் கடை. பெயர் பார்ட்டர் புக்ஸ். பிரிட்டனின் பெரிய பழைய புத்தகக் கடைகளில் ஒன்று.

கட்டடத்தின் ஒரு பகுதியில் ஸ்டூவர்ட் மேன்லி என்பவர் சிறிய தொழிற்கூடம் நடத்திவந்தார். அதன் முன்னறையில் 1991இல் அவர் மனைவி மேரி கடையைத் தொடங்கினார். படித்த புத்தகத்தைக் கொடுத்தால் அதன் மதிப்பைக் கணக்கில் வரவு வைப்பார்கள், அந்த வரவுக்கு வேறு புத்தகம் எடுத்துக்கொள்ளலாம். கடைக்குப் பெயர் வந்தது இந்தப் பண்டமாற்றால்தான். காசு கொடுத்தும் வாங்கலாம். ஒருவர் சூட்கேஸ் நிறையக் கொண்டுவந்து கவுண்டரில் அடுக்கிக்கொண்டிருந்தார். கவுண்டர்க்காரப் பெண் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, வேண்டாததைக் கொஞ்சமும் முகம் சுளிக்காமல், "இது அழகாக இருக்கிறது, எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்தார். சூட்கேஸ்காரருக்கு மறுக்கப்பட்டதே தெரியவில்லை போல. நன்றி சொன்னார்.

தலைக்கு மேலே, அலமாரிகளின் உச்சியில், ஒரு பொம்மை ரயில் ஓடுகிறது. ஒரு அலமாரியிலிருந்து அடுத்ததற்குச் சிறு பாலம் போட்டு நீளமாகச் சுற்றி வருகிறது. குழந்தைகள் கழுத்தை ஒடித்துக்கொண்டு கூடவே நடக்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. நிஜ ரயிலைத் தூக்கிவிட்டுப் பொம்மையை விட்டிருக்கிறார்களே என்று. தூக்கியவர்கள் வேறு, விட்டவர்கள் வேறு என்று பையன் வாதாடினான். அது உண்மைதான். இவர்கள் இல்லையென்றால் கூரை எப்போதோ இற்றுப்போயிருக்கும்.

கவுண்டர் பக்கம்தான் கூட்டம். சிவப்புப் பின்னணியில் கிரீடம் போட்டு, 'பதறாதே, வேலையைப் பார்' என்கிற பொருளில் ஆங்கிலத்தில் ஐந்து சொல் எழுதிய அந்தச் சுவரொட்டியை நீங்கள் தேநீர்க் கோப்பையிலோ பனியனிலோ பார்த்திருப்பீர்கள். அது உலகம் முழுக்கப் பரவியது இந்தக் கடையிலிருந்துதான். இரண்டாம் உலகப் போர் தொடங்கும் நேரத்தில், 1939இல், பிரிட்டிஷ் அரசு 24.5 லட்சம் பிரதி அச்சடித்தது. குண்டு விழுந்து நாடு கலங்கும்போது ஒட்டலாம் என்று வைத்திருந்து, ஒட்டாமலே பெரும்பகுதியைக் காகிதக் கூழாக்கிவிட்டார்கள். ஏலத்தில் எடுத்த ஒரு புத்தகப் பெட்டியின் அடியில் மடித்துக் கிடந்த ஒரு பிரதி 2000இல் ஸ்டூவர்ட் கையில் கிடைத்தது. மேரி சட்டம் போட்டுக் கல்லாப் பக்கம் மாட்டினார். வருகிறவர்களெல்லாம் விலைக்குக் கேட்டார்கள். சரி, நகல் எடுத்து விற்போம் என்று அடுத்த ஆண்டு தொடங்கினார்கள். அப்புறம் நடந்ததுதான் தெரியுமே.

அந்தச் சுவரொட்டியோடு படம் எடுக்க வரிசை நின்றது. அங்கே நின்றபடி கூரையைப் பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை என்பது என் வயிற்றெரிச்சல்.

ஸ்டேஷன் சிற்றுண்டிச்சாலையும் பழைய அறைகளிலேயே நடக்கிறது. பெயரும் ஸ்டேஷன் பஃபேதான். கணப்பில் செப்டம்பரிலேயே நெருப்பு மூட்டியிருந்தார்கள், அதன் எதிரே இருந்த நாற்காலிகளை நான்கு பெரியவர்கள் காலை முதலே பிடித்துவைத்திருந்தார்கள். அவர்களில் மூவர் தூக்கத்தில். நாங்கள் ஓரமாக உட்கார்ந்து ஸ்கோன் சாப்பிட்டோம். வெண்ணெய், ஜாம், ஒரு பானைத் தேநீர், இரண்டு பேருக்கு 11 பவுண்டு. தேநீரோடு பால் தனியாக, அதுவும் குளிர்ந்த பால். சூடான பால் கிடைக்குமா என்று கேட்டேன். பரிமாறும் பையன், கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல் ஒரு கணம் நின்றான். ஆனால் கொண்டுவந்தான், நுரையோடு, சின்னக் குவளையில்.

ரயில்வே புத்தகங்களுக்கு மட்டும் வரிசையாக அலமாரிகள். அங்கே கிளைப்பாதைகளைப் பற்றிய பழைய படப்புத்தகம் ஒன்று 6 பவுண்டுக்குக் கிடைத்தது. யாரோ ஒருவர் பென்சிலால், தான் ஏறிய ஒவ்வொரு ஸ்டேஷன் பெயருக்குப் பக்கத்திலும் தேதி எழுதிவைத்திருக்கிறார். ஆனிக் பக்கத்தில் இரண்டு தேதி. இரண்டாவது, 27 ஜனவரி 1968. சனிக்கிழமை. கடைசி வண்டி ஓடிய நாள்.

செப்டம்பர் 6, சனி: எட்லிஞ்சம்

தங்கிய வீட்டில் காலை உணவுக்கு கிப்பர் வேண்டுமா என்று முந்தின நாளே எழுதி வாங்கிக்கொண்டார்கள். பக்கத்தில் கிராஸ்டர் என்ற மீனவக் கிராமத்தில் ஹெரிங் மீனைப் பிளந்து, உப்புநீரில் போட்டு, ஓக் மரத்தூள் புகையில் பல மணி நேரம் தொங்கவிட்டுச் செய்வது. தட்டில் மீன் முழுசாக விரிந்து கிடந்தது, செம்புநிறத்தில், மேலே வெண்ணெய் உருகி. முதல் வாய் வைத்ததும் நம் கருவாட்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்று தெரிந்துவிட்டது, ஆனால் பணக்கார வீட்டில் வாழ்க்கைப்பட்ட சொந்தம். முள் மட்டும் ஏழை பணக்காரன் பார்க்கவில்லை. பையன் இரண்டு முள்ளை விழுங்கிவிட்டு ரொட்டி, ரொட்டி என்று கத்தினான். பக்கத்து மேஜைத் தம்பதி எதையும் கவனிக்காதவர்கள்போல் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டே, தங்கள் ரொட்டித் தட்டை மெல்ல எங்கள் பக்கம் தள்ளினார்கள்.

மழை என்றேன் இல்லையா. அந்த மழையில்தான் எட்லிஞ்சம் போனோம். பஸ் கிடையாது. டாக்ஸி போக 22 பவுண்டு. காத்திருந்து திரும்பக் கூட்டிவர மொத்தம் 50. "அங்கே என்ன இருக்கிறது?" என்று டிரைவரே கேட்டார். பாலம் என்றேன். "ஆமாம், பாலம் இருக்கிறது" என்று ஒப்புக்கொண்டார்.

1887இல் புதிய ஸ்டேஷனோடு சேர்ந்து திறந்த கார்ன்ஹில் பாதை இந்த வழியாகத்தான் போனது. ஏறக்குறைய 36 மைல். ஆனிக்கிலிருந்து மேட்டுநிலத்தில் ஏறி, ஒரு குகைப்பாதையைக் கடந்து, செவியட் மலைகளின் அடிவாரமாக வூலர் போய், ஸ்காட்லாந்து எல்லை வரை. வழியில் பெரிய ஊர் என்று சொல்ல வூலர் மட்டும்தான். மற்றதெல்லாம் ஆட்டுக்கிடைகள். வேறொரு கம்பெனி இந்தப் பக்கம் பாதை போடத் திட்டம் வைத்திருந்தது, அவன் வந்துவிடக் கூடாதே என்று இவர்கள் முந்திக்கொண்டார்கள். அப்படிப் போட்ட பாதைக்கும் காசைப் பார்க்காமல் கட்டினார்கள். சின்னச் சின்னக் கிராமங்களுக்குக்கூட பெல் வரைந்த கல் ஸ்டேஷன்கள், ஒரு பண்ணையார் வீடு தோற்கும்.

எட்லிஞ்சத்தில் ஒரு பழைய மாதாகோயில், இடிந்த ஒரு கோட்டை, அதற்குப் பின்னால் பள்ளத்தாக்கைத் தாண்டும் ஐந்து கண் ரயில் பாலம். மூன்றும் ஒரே பார்வையில் விழுகின்றன. கோட்டையைப் பார்க்கக் கட்டணம் இல்லை, வாசலில் ஆளும் இல்லை. கோபுரம் ஒன்று நடுவில் பிளந்து, ஒரு பாதி மட்டும் இரும்புக் கம்பியின் பிடியில் நிற்கிறது. பாலமோ நேற்றுக் கட்டியதுபோல் இருக்கிறது. அடியில் ஆடுகள் மழைக்கு ஒதுங்கியிருந்தன. நாங்களும் அந்தப் பக்கமாகப் போய் ஒதுங்கப் பார்த்தோம், ஆனால் நடுவில் ஓர் ஓடையும் சகதியும். என் வலது கால் செருப்போடு முழங்கால் வரை இறங்கியது. செருப்பு வரவில்லை. பையன் குச்சி வைத்துத் தோண்டி எடுத்துக் கொடுத்தான். "சித்தி, ஷூ போடுங்கன்னு வீட்டிலேயே சொன்னேன்" என்று ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. முகத்தில் மட்டும் எழுதியிருந்தது.

இந்தப் பாலத்தின் மேல் பயணிகள் வண்டி ஓடியது 43 ஆண்டுகள்தான். 1930 செப்டம்பரில் நிறுத்தினார்கள். பஸ் வந்துவிட்டது. ஸ்டேஷன்கள் கிராமத்தை விட்டுத் தள்ளி இருந்தன, பஸ்ஸோ வாசலில் நின்று ஏற்றிக்கொண்டது. அதற்குப் பிறகு சரக்கு மட்டும், ஆடு, மாடு, நிலக்கரி. 1948 ஆகஸ்ட்டில் பெரும் வெள்ளம் வந்து இல்டர்டனுக்கு வடக்கே ஒரு பாலத்தை அடித்துக்கொண்டு போனது. திரும்பக் கட்டவில்லை. பாதை இரண்டு துண்டானது. ஆனிக் பக்கத்துத் துண்டு 1953இல் முடிந்தது, வூலர் பக்கம் 1965 வரை இழுத்துக்கொண்டு கிடந்தது.

பஸ் வந்ததால் ரயில் போனது. வியாழக்கிழமை நான் நிழற்குடையில் காத்திருந்தேனே, அந்தப் பஸ்ஸின் தாத்தாவால்.

டாக்ஸிக்காரர் மீட்டரை நிறுத்திவிட்டுத் தானும் இறங்கி வந்து பாலத்தைப் பார்த்தார். இந்த ஊரிலேயே பிறந்தவராம், இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லையாம். காருக்குத் திரும்பியதும் என் சேற்றுக்காலுக்குக் கீழே ஒரு செய்தித்தாளை விரித்தார், விளையாட்டுப் பக்கம் மேலே வராதபடி திருப்பிப் போட்டு.

செப்டம்பர் 7, ஞாயிறு: லயன்ஹார்ட்

வெயில்! ஊரே வெளியே வந்து நின்று வெயிலைப் பற்றிப் பேசியது. பேக்கரியில் ஸ்டாட்டி என்ற தட்டையான வட்ட ரொட்டி வாங்கினோம். உள்ளே பன்றி இறைச்சியும், மஞ்சள் பட்டாணிப் பருப்பை வேகவைத்து மசித்த களியும் வைத்துத் தருகிறார்கள். 4 பவுண்டு 80. ஒன்றே இரண்டு பேருக்குப் போதும். இந்த ஊர்ச் சாப்பாட்டில் என் நாக்குக்கு ஒத்துவந்தது இதுதான். பருப்பு பருப்புதான், எந்த நாட்டில் வேகவைத்தாலும்.

பழைய ஸ்டேஷன் இருந்தும், இந்த ஊருக்கு இன்னொரு ஸ்டேஷன் உண்டு. ஊருக்கு வெளியே, லயன்ஹார்ட் என்ற தொழிற்பேட்டையின் ஓரத்தில், ஆர்வலர்கள் சேர்ந்து புதிதாகக் கட்டியது. ஆல்ன் வேலி ரயில்வே என்று பெயர். மூடிய கிளைப்பாதையை மறுபடி போட்டு ஆலன்மவுத் வரை ஓட்டுவது அவர்களுடைய திட்டம். பழைய ஸ்டேஷன் கல்லுக்கல்லாக நிற்கும்போது எதற்குத் தொழிற்பேட்டைக்குப் போனார்கள்? நடந்து போனால் விடை தெரிந்துவிடும். நடுவில் ஏ1 நெடுஞ்சாலை. ஆனிக்குப் புறவழிச்சாலை போட்டபோது, ரயில் மூடிவிட்டதே என்று பழைய தடத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இந்தப் பக்கம் ஸ்டேஷன், அந்தப் பக்கம் தண்டவாளம், நடுவே லாரிகள்.

டிக்கெட் கிழித்துக்கொடுத்தவர் எண்பதை நெருங்கும் பெரியவர். நீல மேல்சட்டை, சட்டைப்பையில் விசில். எல்லோரும் தொண்டர்கள்தான், சம்பளம் கிடையாது. அவரிடம் அந்தச் சாலையைப் பற்றிக் கேட்டதுதான் தாமதம். "சாலை வருவதற்குள் ரயிலை மூடினால் ஒரு பாலம் மிச்சம். அவ்வளவுதான் விஷயம்" என்றார். அவருடைய கட்சி அது. பீச்சிங் அறிக்கை என்று நான் தொடங்கினேன். 1963இல் ரயில்வே வாரியத் தலைவர் டாக்டர் பீச்சிங் போட்ட கணக்கில் 2,363 ஸ்டேஷன்களையும் ஐயாயிரம் மைல் பாதையையும் மூடச் சொல்லியிருந்தார், இங்கிலாந்தில் எந்த மூடிய ஸ்டேஷன் பேச்சு எடுத்தாலும் அவர் தலைதான் உருளும். பெரியவர் கையை ஆட்டித் தடுத்தார். "எல்லாவற்றையும் பாவம் அந்த மனிதர் மேலேயே போடக் கூடாது."

சின்னப் பையனாக இருக்கும்போது இந்தக் கிளையில் நீராவி இன்ஜின் ஓடியதைப் பார்த்தவர். 1966 ஜூன் வரை இங்கே நீராவிதான், நாட்டில் பல கிளைகளில் டீசல் வந்த பிறகும். ஆலன்மவுத்தில் பெரிய வண்டி வந்து நிற்கும், இரண்டே பெட்டியோடு இது காத்திருக்கும், பயணிகள் பிளாட்பாரத்தைத் தாண்டி ஓடிவந்து ஏறுவார்களாம். தாமதமாக வருகிறவர்களை கார்டுக்குப் பெயர் சொல்லித் தெரியுமாம், ஒரு நிமிடம் பொறுப்பாராம்.

வண்டி கிளம்பியது. சின்ன டீசல் இன்ஜின், ஆடி ஆடி, நடக்கிறவரைவிடக் கொஞ்சம் வேகம். காலெட்ஜ் ஓடைப் பாலத்தைத் தாண்டி கிரீன்ரிக் என்ற நிறுத்தம் வரை போய்த் திரும்புகிறது. அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. எதிரில் ஒரு குடும்பம், இரண்டு பிள்ளைகள். சின்னவள் பாலத்தில் போகும்போது கண்ணைப் பொத்திக்கொண்டு, விரல் இடுக்கால் பார்த்தாள். பையன்கூடப் போனை உள்ளே வைத்துவிட்டான். ஜன்னலை இறக்கித் தலையை நீட்டப் போனான், பெரியவர் விசிலை ஊதினார்.

இறங்கியதும் தேநீர்க்கடையில் எலுமிச்சை கேக். 2 பவுண்டு 50, ஊரிலேயே மலிவு. அதைத் தின்றுகொண்டே எனக்கும் பையனுக்கும் பெரிய விவாதம். இவர்கள் ஆலன்மவுத் வரை போட்டாலும் ஊருக்குள் போக முடியாதே, யாருக்கு லாபம் என்றான். நான் வேறு பக்கம். மூன்று மைல் கிளைக்கு லாபக் கணக்குப் பார்த்ததால்தான், இன்றைக்குக் கோட்டையும் தோட்டமும் பார்க்க இத்தனை ஆயிரம் பேர் வரும் ஊரில், கார் இல்லாதவர் நடுத்தெருவில் நிற்கிறார். பழைய ஸ்டேஷன் பிழைத்ததைப் பெரிய வெற்றியாக எல்லோரும் எழுதுகிறார்கள். கட்டடம் பிழைத்தது, சரி. எனக்கு வேண்டியது கட்டடம் அல்ல, வண்டி. பையன் கேக்கின் கடைசித் துண்டை எடுத்துக்கொண்டு, "ஒத்துக்கிறேன் சித்தி" என்றான். கேக்குக்காகச் சொன்னான் என்றே நினைக்கிறேன்.

செப்டம்பர் 8, திங்கள்: திரும்பல்

பஸ் சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டது. ஆளுக்கு 3 பவுண்டு. டிரைவர் என் பெட்டியைத் தானே இறங்கித் தூக்கிவைத்தார், உள்ளே கல்லா என்று கேட்டார். புத்தகம் என்றதும், "ஸ்டேஷனா?" என்று சிரித்தார்.

ரயிலுக்கு நேரம் இருந்ததால் ஆலன்மவுத் கிராமத்துக்குள் ஒரு நடை. ஸ்டேஷனிலிருந்து ஒரு மைல். ஒரு காலத்தில் தானியம் ஏற்றிய துறைமுகம். 1806 கிறிஸ்துமஸ் அன்று அடித்த புயலில் ஆறு தன் வழியை மாற்றிக்கொண்டது, மாதாகோயில் இருந்த குன்று ஊரிலிருந்து துண்டாகி அக்கரைக்குப் போய்விட்டது. துறைமுகம் மெல்லச் செத்தது, பிறகு ரயில் வந்து கோடை விடுமுறைக்காரர்களைக் கொண்டுவந்தது. மணலில் நாய்களை ஓடவிட்டுக்கொண்டிருந்தவர்களில் வியாழக்கிழமை அம்மாளும் அவருடைய நாயும் இருக்கிறார்களா என்று பார்த்தேன். எல்லா நாயும் ஈரமாக இருந்தால் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். லயன்ஹார்ட் வண்டி எல்லா நாளும் ஓடாது, பெரும்பாலும் ஞாயிறுதான், போகுமுன் நாள் பார்த்துக்கொள்ளுங்கள். புத்தகக் கடைக்குப் பழைய புத்தகம் நான்கைந்து கையோடு எடுத்துப் போங்கள், வரவு கிடைக்கும். தமிழ்ப் புத்தகம் எடுப்பார்களா என்று பையன் கேட்டுப் பார்த்தான். கவுண்டர்ப் பெண் புரட்டிப் பார்த்து, எழுத்து அழகாக இருக்கிறது என்றார். எடுக்கவில்லை.